சின்ன வயசுலயே சரி பண்ணின ஹார்ட்டுக்கு 29 வயசுல திரும்ப எதுக்கு வைத்தியம்?

நீங்க எழுதினதை முதல்ல என் வாயால ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கறேன், தப்பா புரிஞ்சுக்கிட்டு பதில் எழுதிடக் கூடாது பாருங்க. 3 வயசுல டெட்ராலஜி ஆஃப் ஃபாலோங்கற பிறவி இதயக் கோளாறுக்கு ஓப்பன் ஹார்ட் சர்ஜரி ஆயிருக்கு, 16 வயசு வரைக்கும் செக்கப் போயிட்டிருந்தீங்க, அப்புறம் நல்லாத்தானே இருக்கோம்னு நின்னு போச்சு. இப்ப 29. வேலைக்குச் சேர்றதுக்கான மெடிக்கல்ல நெஞ்சுல ஒரு சத்தம் கேக்குதுன்னு எக்கோ எடுக்கச் சொல்லி, நுரையீரலுக்கு ரத்தம் போற வழியில இருக்கற பல்மனரி வால்வ் ரொம்ப லீக் ஆகுது, ஹார்ட்டோட வலது பக்கம் பெருசாயிருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. ஒரு டாக்டர் வால்வ் போட்டே ஆகணும்ங்கறார், இன்னொருத்தர் உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லையே எதுக்கு கைய வைக்கணும்ங்கறார். யார் சொல்றது சரின்னு கேட்டிருக்கீங்க, கூடவே சாதாரண ஹார்ட் டாக்டர் போதாதா, திரும்ப நெஞ்சைத் திறக்கணுமா, கடைசில ஒரே வரில குழந்தை பெத்துக்கலாமான்னும். ஆனா நடுவுல "அப்பவே முழுசா சரி பண்ணியாச்சுன்னு சொன்னாங்களே, அம்மா அதையே சொல்லிச் சொல்லி அழறாங்க"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அதுதான் நிஜமான கேள்வியா படுது. அன்னைக்கு ஏதோ தப்பு நடந்துடுச்சா? அதுக்கு பதில் சொல்லிட்டுத்தான் மத்ததுக்கு வரணும்.

நான் குழந்தைகளுக்கான இதய மருத்துவத்துல பயிற்சி எடுத்தவன். அந்தக் குழந்தைங்க வளந்து பெரியவங்களா வர்ற ஓபியை பல வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன். சர்ஜன் இல்ல, ஆனா யாரை சர்ஜன்கிட்ட அனுப்பணும், யாரை இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கச் சொல்லணும்னு வாரா வாரம் உக்காந்து பேசற கூட்டத்துல நானும் ஒரு ஆள். உங்க ஸ்கேனை நான் பாக்கல, அதனால வால்வ் போடுங்க, போடாதீங்கன்னு இங்க சொன்னா அது பொறுப்பில்லாத பேச்சு. எதை வச்சு அந்த முடிவை எடுப்பாங்க, அதுல எது உறுதி, எதுல இன்னும் டாக்டருங்களுக்குள்ளயே வாதம் நடக்குதுங்கறதைச் சொல்றேன்.

முதல்ல அம்மாவோட கேள்வி. இல்லம்மா, யாரும் தப்பு பண்ணல. ஃபாலோங்கறது 1888ல இந்த நோயை விவரமா எழுதின பிரெஞ்சு டாக்டர் பேரு. ஹார்ட்டோட ரெண்டு கீழறைக்கும் நடுவுல பெரிய ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போற வழி குறுகல், பெரிய ரத்தக்குழாயான அயோர்ட்டா அந்த ஓட்டை மேலயே ஏறி உக்காந்திருக்கும், இதெல்லாம் சேர்ந்து வலது கீழறை தடிச்சுப் போயிருக்கும், இந்த நாலும்தான் டெட்ராலஜி. நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தம் போகாம கெட்ட ரத்தம் உடம்புக்குப் போறதாலதான் குழந்தை நீலமாகும். ஆபரேஷன்ல ஓட்டையை ஒரு பேட்ச் வச்சு அடைப்பாங்க, குறுகலை வெட்டிப் பெருசாக்குவாங்க. இங்கதான் விஷயம் இருக்கு. நிறைய குழந்தைங்களுக்கு அந்தக் குறுகல் வால்வுக்குக் கீழ மட்டும் இருக்காது, வால்வ் உக்கார்ற வளையமே சின்னதா இருக்கும். அப்ப வளையத்தையும் சேர்த்து வெட்டி, குறுக்க ஒரு பேட்ச் தைச்சுத்தான் வழி விட முடியும். வழி கிடைச்சிரும், வால்வ் போயிரும். கதவை அகலமாக்க நிலையை உடைச்சா கதவு மூடாது இல்லையா, அதே கதைதான். அதுக்கப்புறம் ஒவ்வொரு துடிப்புக்கும் நுரையீரல் பக்கம் போன ரத்தத்துல ஒரு பங்கு வலது அறைக்கே திரும்பி வந்துக்கிட்டே இருக்கும். இது சர்ஜனுக்குத் தெரியும், தெரிஞ்சேதான் பண்ணாங்க, ஏன்னா அந்த லீக்கை வலது அறை பல வருஷம் தாங்கும், குறுகலோட அந்தக் குழந்தையால பல வருஷம் தாங்க முடியாது. வெட்டலன்னா நீங்க இன்னைக்கு இந்தக் கேள்வியையே எழுதியிருக்க மாட்டீங்க.

இன்னொண்ணும் அம்மாகிட்ட சொல்லணும். இந்த வைத்தியமே ரொம்பப் பழசு இல்ல. 1944ல பால்டிமோர்ல ஆல்ஃப்ரெட் பிளாலாக், ஹெலன் டாசிக், விவியன் தாமஸ் மூணு பேரும் சேர்ந்து கைக்குப் போற ரத்தக்குழாயைத் திருப்பி நுரையீரல் குழாயோட இணைக்கற ஆபரேஷனைக் கொண்டு வந்தாங்க, அது உள்ள இருக்கற கோளாறைத் தொடாது, நீலத்தைக் குறைக்கும் அவ்வளவுதான். உள்ள திறந்து முழுசா பண்ற ரிப்பேர் 1954ல மின்னசோட்டால வால்டன் லில்லிஹை பண்ணினது, ஹார்ட் லங் மெஷின் சரியா வராத காலம், இன்னொரு மனுஷரோட ரத்த ஓட்டத்தோட அந்தக் குழந்தையை இணைச்சு வச்சுக்கிட்டுப் பண்ணாங்க. ஒரு ஆபரேஷனோட 30 வருஷ ரிசல்ட் என்னன்னு தெரிய 30 வருஷம் ஆகத்தான் செய்யும். அந்த லீக் ஒரு காலத்துல பெரிய கெடுதல் இல்லன்னுதான் நினைச்சாங்க, அது வலது அறையை மெதுவா வீங்க வைக்குதுங்கறது அந்தத் தலைமுறை வளந்து 30, 40 வயசுல வந்து நின்னப்பதான் தெளிவாச்சு. "முழுசா சரி பண்ணியாச்சு"ன்னு அம்மாகிட்ட சொன்னவங்க பொய் சொல்லல. அந்த வார்த்தையோட "ஆனா ஆயுசுக்கும் பாத்துக்கிட்டே இருக்கணும்"னு ஒரு வார்த்தையைச் சேர்த்து அழுத்திச் சொல்லியிருக்கணும், அது உங்க காதுல விழற மாதிரி யாரும் சொல்லலைங்கறதுல எனக்கு வருத்தம் உண்டு.

சரி, ரெண்டு டாக்டர் விஷயம். உறுதியா சொல்லக்கூடியது எதுன்னா, லீக் ரொம்ப இருந்து அதனால மூச்சு வாங்கறது, கால் வீக்கம், முன்ன ஏறின மாடி இப்ப ஏற முடியலங்கற மாதிரி நிஜமான தொந்தரவு இருந்தா வால்வ் போடணும், இதுல எந்த ஊர் டாக்டருக்கும் ரெண்டாவது அபிப்பிராயம் கிடையாது. அதே அளவுக்கு உறுதியான இன்னொண்ணு, வலது அறை ஒரு அளவுக்கு மேல வீங்கினப்புறம் வால்வ் போட்டா அது பழைய சைஸுக்குத் திரும்பறதில்ல, அப்ப வால்வ் புதுசா இருக்கும், தசை பழசாவே இருக்கும். அதனால தொந்தரவு வர்ற வரைக்கும் உக்காந்திருக்கறதும் சரியான வழி இல்ல. சந்தேகம் இருக்கறது நடுவுல. உங்களை மாதிரி தொந்தரவு இல்லாதவங்களுக்கு எந்த நாள்ல போடறது? வழிகாட்டு நெறிகள் எம்ஆர்ஐல வர்ற அளவை வச்சு ஒரு கோடு போட்டிருக்கு, வலது அறை நிறைஞ்சிருக்கும்போது உடம்புப் பரப்புல ஒரு சதுர மீட்டருக்கு 160 மில்லிக்கு மேல, சுருங்கினப்புறமும் 80 மில்லிக்கு மேல இருந்தா யோசிக்க ஆரம்பிக்கணும்னு. அந்த எண்ணைத் தாண்டினதும் மணி அடிச்சு ஆபரேஷன் தியேட்டருக்குப் போகணும்னு அர்த்தம் இல்ல. வருஷா வருஷம் அது எந்தப் பக்கம் போகுதுங்கறது ஒரு நாள் எண்ணை விட முக்கியம், வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல இருக்கற டிரைகஸ்பிட் வால்வும் சேர்ந்து லீக் ஆக ஆரம்பிச்சிருக்கா, இடது அறையும் சோர்ந்து போகுதா, இதையெல்லாம் சேர்த்துத்தான் பாப்பாங்க.

அந்த ரெண்டாவது டாக்டர் சொன்னதுக்கும் நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். இந்த இடத்துல பெரும்பாலும் போடறது விலங்குத் திசுவால செஞ்ச திசு வால்வ், அது ஆயுசுக்கும் வராது, 10லேர்ந்து 15 வருஷம் ஓடினா நல்ல ஓட்டம். 29ல ஒண்ணு போட்டா 40களோட ஆரம்பத்துல அடுத்தது, 55 கிட்ட இன்னொண்ணு, இப்படிப் போகும். சீக்கிரம் போட்டா வாழ்க்கையில வால்வோட எண்ணிக்கை கூடும், லேட்டா போட்டா தசை கெடும், இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நாங்க நடக்கறோம். வால்வ் போட்டா வலது அறை சுருங்கும், ஆளு தெம்பா இருக்கறதா உணர்வாங்க, இது திரும்பத் திரும்பப் பாத்தது. தொந்தரவே இல்லாதவங்களுக்குப் போட்டா ஆயுசு கூடுதான்னு கேட்டா, அதை இன்னும் யாரும் சந்தேகமில்லாம நிரூபிக்கல. அதனால ஒருத்தர் போடணும்னும் இன்னொருத்தர் வேண்டாம்னும் சொன்னதுல ஆச்சரியமே இல்ல, எனக்கு உறுத்தறது ரெண்டு பேருமே வெறும் எக்கோவை வச்சு சொல்லியிருக்காங்கங்கறதுதான். வலது அறை உருண்டையா இருக்காது, இடது அறையைச் சுத்தி வளைஞ்சு பிறை மாதிரி படுத்திருக்கும், எக்கோ அதுல ஒரு வெட்டுத் துண்டைத்தான் காட்டும், பெருசா இருக்குன்னு சொல்லலாம், எவ்வளவு பெருசுன்னு நம்பிச் சொல்ல முடியாது. ஹார்ட் எம்ஆர்ஐ இல்லாம இந்த முடிவை எடுக்கவே கூடாது.

"தொந்தரவு இல்ல"ங்கற வார்த்தையையும் நான் அப்படியே எடுத்துக்க மாட்டேன், உங்களை நம்பலன்னு நினைச்சுக்காதீங்க. பிறந்ததுலேர்ந்து ஒரே ஹார்ட்டோட வாழ்ந்தவங்களுக்கு மத்தவங்க ஹார்ட் எப்படி இருக்கும்னு தெரியாது. நான் பாத்த பலபேரு எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்னு சிரிச்சுக்கிட்டே வருவாங்க, கூட வந்த ஆளைக் கேட்டா அவங்க எப்பவும் கூட்டத்துல கடைசியாத்தான் நடப்பாங்க, மாடின்னா போன் பேசற மாதிரி நடுவுல நின்னுக்குவாங்கன்னு சொல்லுவாங்க. வேணும்னு மறைக்கறதில்ல, சின்ன வயசுலேர்ந்து தன் வாழ்க்கையையே அந்த ஹார்ட்டுக்கு ஏத்த மாதிரி வளைச்சு வச்சுக்கிட்டாங்க, அதுவே அவங்களுக்கு இயல்பு. அதனாலதான் மூக்கையும் வாயையும் மூடற மாஸ்க் போட்டு, சைக்கிள் மிதிக்க வச்சு எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கறீங்கன்னு அளக்கற ஒரு டெஸ்ட் இருக்கு, கார்டியோபல்மனரி எக்ஸர்சைஸ் டெஸ்ட்னு பேரு. உங்க வயசு, உயரத்துக்கு வர வேண்டிய அளவுல பாதிதான் வருதுன்னு காட்டினா அதுவும் ஒரு தொந்தரவுதான், வாய் சொல்லலைன்னாலும் உடம்பு சொல்லுது. இந்த டெஸ்ட்டை கேட்டு வாங்குங்க.

இப்ப சாதாரண ஹார்ட் டாக்டர் போதாதாங்கறது. இதுல எனக்கு திடமான கருத்து இருக்கு, போதாது. பெரியவங்களைப் பாக்கற கார்டியாலஜிஸ்ட் மட்டம்னு சொல்ல வரல, மாரடைப்புல ஒருத்தர் வந்தா நான் ஓரமா நின்னு அவங்களுக்கு வழி விடுவேன். அவங்க படிச்சது ரத்தக்குழாய் அடைப்பு, பிரஷர், இடது அறை பலவீனம். பிறவி இதய நோயில வரைபடமே வேற, அதுவும் ஆபரேஷன் ஆன வரைபடம். ஃபான்டன்னு ஒரு ஆபரேஷன் இருக்கு, ஒரே ஒரு அறை வேலை செய்யற ஹார்ட்டுக்குப் பண்றது, பிரான்ஸ்ல பொர்தோ நகரத்துல ஃபிரான்சிஸ் ஃபான்டன் ஆரம்பிச்சு 1971ல எழுதினது. அதுல உடம்புலேர்ந்து வர்ற கெட்ட ரத்தம் எந்தப் பம்ப்பும் இல்லாம தானா நுரையீரலுக்கு வழியும். அப்படிப்பட்டவருக்கு நாடி 150ல சீரா ஓடினா, பதட்டமா இருக்கும், படுத்தா சரியாயிடும்னு வீட்டுக்கு அனுப்பறது பெரிய ஆபத்து, மேலறை தப்பான வேகத்துல துடிக்கற ஃப்ளட்டரா இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு, அதைச் சீக்கிரம் நிறுத்தலைன்னா அந்த ஹார்ட் படுத்துரும். ஓட்டையை அடைக்காம நீலமாவே வளந்த ஒருத்தருக்கு ஹீமோகுளோபின் 20 வந்தா, அடேயப்பா இவ்வளவான்னு ரத்தத்தை எடுத்து விடறது இன்னும் நடக்குது. அது உடம்பு ஆக்சிஜன் பத்தாக்குறைக்காக தானே செஞ்சுக்கிட்ட ஏற்பாடு, தேவையில்லாம எடுத்தா இரும்புச்சத்து குறைஞ்சு பக்கவாத ஆபத்துதான் கூடும். கைக்குப் போற குழாயைத் திருப்பி விடற ஆபரேஷன்னு மேல சொன்னேனே, அந்தப் பழைய ஷன்ட் போட்ட கையில பிபி பாத்தா குறைவாத்தான் காட்டும், இன்னொரு கையில 170 இருக்கும், எந்தப் பக்கம் ஷன்ட்னு கேக்கத் தெரிஞ்சவருக்குத்தான் இது தோணும்.

இதுக்குன்னு தனி மருத்துவப் பிரிவு வேணும்னு முதல்ல சண்டை போட்டவங்கள்ல லண்டனைச் சேர்ந்த ஜேன் சோமர்வில் முக்கியமானவங்க, 1970கள்லயே வளந்த நோயாளிகளுக்குத் தனி வார்டு கொண்டு வந்தாங்க. குழந்தை வார்டுல கட்டில் பத்தாது, பெரியவங்க வார்டுல விஷயம் தெரியாது, இந்தப் பிள்ளைங்க எங்க போவாங்கங்கறதுதான் அவங்க கேள்வி. அமெரிக்காவுல இதைத் தனி ஸ்பெஷாலிட்டியா ஏத்துக்கிட்டு பரீட்சை வச்சதே 2015லதான், அவ்வளவு லேட். கனடாவுல கியூபெக் மாகாணத்து நோயாளிகளை வச்சு 2014ல வந்த ஆய்வுல, இந்த மாதிரி தனி சென்டருக்கு அனுப்பப்பட்டவங்க கிட்ட இறப்பு குறைஞ்சிருந்தது, அதுவும் சிக்கலான நோய் இருந்தவங்களுக்குத்தான் பலன் அதிகம். எல்லாருக்கும் இது வேணுமான்னா இல்ல. சின்ன வயசுல மேலறை ஓட்டையை நல்லா அடைச்சு எல்லாம் சரியா இருக்கறவங்க பக்கத்துல இருக்கற கார்டியாலஜிஸ்ட்டைப் பாத்துக்கிட்டு எப்பவாவது ஒரு தடவை சென்டருக்குப் போய்ட்டு வந்தா போதும். நீங்க அந்த லிஸ்ட்ல இல்ல. 2018ல வந்த அமெரிக்க நெறிமுறை நோயை எளிது, நடுத்தரம், மிகச் சிக்கல்னு பிரிக்குது, ரிப்பேர் ஆன ஃபாலோ நடுத்தரத்துல வருது, நல்லா இருந்தாலும் ஒழுங்கான இடைவெளியில போய்த்தான் ஆகணும்.

நெஞ்சைத் திறக்கணுமாங்கற கேள்விக்கு, திறக்காமலே முடியறதுக்கும் வாய்ப்பு இருக்கு. 2000ல பாரிஸ்ல ஒரு 12 வயசுப் பையனுக்கு முதல் தடவையா தொடை ரத்தக்குழாய் வழியா கத்தீட்டர்ங்கற மெல்லிசு குழாய்ல பல்மனரி வால்வ் வச்சாங்க, பெரியவங்களுக்கு அயோர்ட்டிக் வால்வை இப்படி வைக்கறதுக்கும் முன்னாடியே. ஆனா அந்த முதல் வகை வால்வுங்க ஏற்கனவே ஒரு செயற்கைக் குழாயோ பழைய வால்வோ இருக்கறவங்களுக்குத்தான் நல்லா பொருந்தும், உங்களுக்கு இருக்கற மாதிரி பேட்ச் வச்சு அகலப்படுத்தின வழி நாளாக நாளாக விரிஞ்சு போயிருக்கும், பிடிமானம் இல்லாம வால்வ் நழுவிரும். இப்ப தானே விரிஞ்சு சுவரைப் பிடிச்சுக்கற பெரிய வகைகள் வந்திருக்கு, அதுல ஹார்மனிங்கறதுக்கு அமெரிக்காவுல 2021ல அனுமதி கிடைச்சது. உங்க வழியோட வடிவத்தைச் சிடி ஸ்கேன்ல அளந்துதான் பொருந்துமான்னு சொல்ல முடியும். இன்னொரு கண்டம், ஹார்ட்டுக்கே ரத்தம் கொடுக்கற கரோனரி குழாய் அந்த வழிக்கு ஒட்டி ஓடும், உள்ள ஸ்டென்ட் விரியும்போது அதை நசுக்கிடக் கூடாது, அதனால முதல்ல பலூனை விரிச்சு வச்சுக்கிட்டே கரோனரில எக்ஸ்ரேல தெரியற மருந்து விட்டுப் பாப்பாங்க, நசுங்கற மாதிரி இருந்தா அங்கேயே நிறுத்திட்டு சர்ஜரிதான். ஃபாலோ உள்ளவங்கள்ல 100ல சுமார் 5 பேருக்கு முக்கியமான கரோனரி ஒண்ணு அந்த வழிக்குக் குறுக்கயே ஓடும், அது சர்ஜனுக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

சர்ஜரின்னே முடிவானா பயப்பட வேண்டியது வால்வ் தைக்கற வேலைக்கு இல்ல, உள்ள போறதுக்குத்தான். ரெண்டாவது தடவை திறக்கும்போது வலது அறை நெஞ்செலும்புக்குப் பின்பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கும், ரம்பம் எலும்பைத் தாண்டினா நேரா ஹார்ட். அனுபவம் உள்ளவங்க முன்னாடியே சிடி பாத்து எலும்புக்கும் ஹார்ட்டுக்கும் எவ்வளவு இடைவெளின்னு அளந்துக்குவாங்க, இடம் இல்லைன்னா எலும்பைத் தொடறதுக்கு முன்னாடியே தொடையிலயோ தோள்பக்கத்துலயோ குழாய் போட்டு மெஷினைத் தயாரா வச்சுக்குவாங்க. இப்படிப்பட்ட டீம்ல பல்மனரி வால்வ் மாத்தற ஆபரேஷனோட உயிர் ஆபத்து 100ல 1ங்கற அளவைச் சுத்தித்தான் இருக்கு, உங்க வயசுக்கு அதுக்கும் கீழ இருக்கலாம். அதனால சர்ஜனைக் கேக்க வேண்டிய கேள்வி "எத்தனை பைபாஸ் பண்ணியிருக்கீங்க"ன்னு இல்ல, "பிறவி நோய்க்கு ஏற்கனவே ஆபரேஷன் ஆன பெரியவங்களுக்கு வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க, மயக்க மருந்து கொடுக்கறவரும் இதுல பழகினவரா"ன்னு கேளுங்க. கேட்டா கோவிச்சுக்குவாங்களோன்னு தயங்காதீங்க, நல்ல சர்ஜன் இந்தக் கேள்வியை எதிர்பார்ப்பார். மனசு விஷயத்துக்கும் ஆள் இருக்கற இடமா பாருங்க. சின்ன வயசு ஐசியு ஞாபகம் உடம்புல எங்கயோ தங்கியிருக்கும், மருந்து வாசனைக்கே கை நடுங்கற பெரியவங்களைப் பாத்திருக்கேன், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்லணும், துடிப்போட தாளம். பேட்ச் தைச்ச இடத்துல தழும்பு இருக்கும், வலது அறை வீங்க வீங்க அந்தத் தழும்பைச் சுத்தி மின்சாரம் தப்பான வட்டத்துல ஓட ஆரம்பிக்கலாம். ஈசிஜில க்யூஆர்எஸ்னு ஒரு அலையோட அகலம் 180 மில்லிசெகண்டைத் தாண்டினவங்களுக்கு ஆபத்தான துடிப்பு வர்ற வாய்ப்பு கூடுதல்னு 1990கள்லேர்ந்தே தெரியும். உங்க ரிப்போர்ட்லயே அந்த எண் அச்சாகி இருக்கும், பாருங்க. அதை மட்டும் வச்சு பயந்துடவும் வேண்டாம், நாள் முழுக்க துடிப்பைப் பதிவு பண்ற ஹோல்டர் மானிட்டர், எம்ஆர்ஐல தழும்போட அளவு எல்லாத்தோடயும் சேர்த்துத்தான் அதுக்கு அர்த்தம். வால்வ் போட்டா இந்த ஆபத்தும் தானா போயிருமாங்கறதுல கருத்து ஒண்ணா இல்ல, சிலருக்கு தனியா அந்தத் தப்பான மின் வழியைச் சுட்டு அழிக்கற அப்லேஷனோ, ஷாக் கொடுக்கற ஐசிடி கருவியோ தேவைப்படும்.

குழந்தை பெத்துக்கறது. உங்களோட கேள்விகள்ல எனக்கு இதுக்குத்தான் சந்தோஷமான பதில் இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட பிரிவுப்படி ரிப்பேர் ஆன ஃபாலோ பெரும்பாலும் ரெண்டாவது வகுப்பு, அதாவது ஆபத்து கொஞ்சம் கூடுதல், ஆனா பெரும்பாலானவங்க நல்லபடியா பெத்துக்கறாங்க. நாலாவது வகுப்புன்னு ஒண்ணு இருக்கு, நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறிப்போன ஐசன்மெங்கர் மாதிரி ஆளுங்க, அவங்களுக்குத்தான் கர்ப்பமே வேண்டாம்னு கண்கலங்கிக்கிட்டு சொல்லுவோம். நீங்க அது இல்ல. ஆனா வரிசை முக்கியம், கர்ப்பத்துல ரத்த அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகும், ஏற்கனவே வீங்கின வலது அறைக்கு அது பெரிய சுமை. அதனால முதல்ல எம்ஆர்ஐ, எக்ஸர்சைஸ் டெஸ்ட், அதுக்கப்புறம் வால்வ் முன்னாடியா பின்னாடியான்னு பேச்சு, அப்புறம் கர்ப்பம். எல்லாரும் முன்னாடியே வால்வ் போட்டுக்கணும்னு கிடையாது, வலது அறை நல்லா பம்ப் பண்ணுதுன்னா பெத்துக்கிட்டு அப்புறம் போட்டவங்களும் உண்டு, இது ஆளுக்கு ஆள் மாறற முடிவு. குழந்தைக்கும் வருமான்னு மனசுல இருக்கும், பொதுவா 100ல 1 குழந்தைக்கு பிறவி இதய நோய்ன்னா அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஃபாலோ இருந்தா 100ல 3லேர்ந்து 5ன்னு வச்சுக்கலாம். முக்கியமான விதிவிலக்கு 22வது குரோமோசோம்ல ஒரு துண்டு இல்லாம இருக்கற நிலை, ஃபாலோ உள்ளவங்கள்ல ஒரு பகுதியினருக்கு அது இருக்கும், இருந்தா குழந்தைக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்க காலத்துல அந்த டெஸ்ட் எடுத்திருக்காங்களான்னு பாருங்க, எடுக்கலைன்னா இப்ப ரத்தம் கொடுத்துப் பாத்துக்கங்க. கர்ப்பமானா 20 வாரம் கிட்ட கருவோட இதயத்தை எக்கோல பாக்கறது கட்டாயம்.

பல்லை நல்லா பாத்துக்கங்க, ஈறுல இருக்கற கிருமி ரத்தத்துல ஏறி ஹார்ட்ல உக்காரும். வால்வ் போட்டப்புறம் பல் பிடுங்கறதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் எடுக்கணும், இப்ப உங்களுக்கு அது தேவையான்னு அந்த பேட்ச் ஓரத்துல கசிவு மிச்சம் இருக்கா இல்லையாங்கறதைப் பொறுத்து. நடக்கறது, நீந்தறதையெல்லாம் நிறுத்திடாதீங்க, டெஸ்ட் முடியற வரைக்கும் மூச்சு முட்டற அளவுக்கு கனம் தூக்கறதை மட்டும் தள்ளி வைங்க.

இப்ப முதல் வேலை பழைய ஆபரேஷன் நோட்ஸைத் தேடறது. டிஸ்சார்ஜ் சம்மரி இல்ல, சர்ஜன் எழுதின நோட்ஸ். வளையத்தைத் தாண்டி பேட்ச் வச்சாங்களா, கரோனரி எப்படி ஓடுச்சுன்னு எழுதியிருந்தாங்களா, முன்னாடி ஷன்ட் போட்டாங்களா, இதெல்லாம் அந்த ஒரு தாள்லதான் இருக்கும், எந்த ஸ்கேனும் அதை அவ்வளவு தெளிவா சொல்லாது. அம்மாகிட்ட கேளுங்க, இந்த மாதிரி பேப்பரை இருபத்தாறு வருஷமா பத்திரமா வச்சிருக்கற அம்மாக்களை நான் நிறைய பாத்திருக்கேன், மடிச்ச இடம் கிழிஞ்சு, டேப் ஒட்டி. கிடைச்சதும் போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கங்க, கூட இப்ப எடுத்த ஈசிஜியும். சென்டர்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கற வரைக்கும் நடுவுல திடீர்னு படபடன்னு அடிச்சு நிக்காம இருந்தாலோ, கண்ணு இருட்டி விழுந்தாலோ அதுக்காகக் காத்திருக்காதீங்க, உடனே எமர்ஜென்சிக்குப் போங்க, போய் முதல் வார்த்தையா "எனக்கு ஃபாலோ ரிப்பேர் ஆயிருக்கு"ன்னு சொல்லி அந்த ரெண்டு போட்டோவையும் காட்டுங்க.